சாப்பிடாத ஈக்கள்

பழ ஈக்களுக்குப் பசி எப்படி எடுக்கிறது என்று பார்ப்பதுதான் நான் ஓய்வு பெறும்வரை செய்த வேலை. கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் இதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள், சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். வாழைப்பழத்தைச் சுற்றித் திரியும் அந்தப் பொடி ஈயா, அதற்கொரு மூளையா, அதில் பசி வேறா என்று. உங்கள் வீடுகளிலும் ஆரம்பித்திருப்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஈயை எப்படி வளர்ப்பது, மூளையை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். யோசிக்க நேரமில்லாத, ஆனால் யோசித்தே ஆகவேண்டியிருந்த நாள்.

அப்போது எங்களிடம் மெஹ்ருன்னிஸா என்ற பெண் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். எங்களுக்கு மெஹ்ரு. கொடைக்கானல் கடைத்தெருவில் மலைப்பூண்டு வியாபாரம் செய்யும் காதர் பாயின் மகள். கூடத்தில் அவளைப்போல் சட்டென்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் மூளை யாருக்கும் கிடையாது. நாம் பாதி சொல்லும்போதே மீதியை அவள் சொல்லிவிடுவாள். சில சமயம் அது எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஈயின் மூளையில், வாய்க்குப் பின்னால் கீழ்ப்பகுதியில், ஒரு சின்னக் கூட்டம் நரம்புச் செல்கள் உண்டு. பசித்த ஈயின் கால் சர்க்கரையில் பட்டால் அது உறிஞ்சுகுழலை நீட்டிச் சாப்பிட வேண்டும். அந்த உத்தரவு இந்தச் செல்கள் வழியாகப் போகிறது என்பது மெஹ்ருவின் எண்ணம். அதைச் சோதிப்பதற்காக அவள் ஒரு புதிய லைனை உண்டாக்கியிருந்தாள். லைன் என்று நாங்கள் சொல்வது, ஒரே மாற்றத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் ஈ வம்சம். அவளுடைய லைனில், குளிர்ந்த இடத்தில் இருக்கும்வரை அந்தச் செல்கள் சாதாரணமாக வேலை செய்யும். வெப்பம் முப்பது டிகிரியை நெருங்கினால் அவை மட்டும் அடங்கிவிடும். மறுபடி குளிர்ந்தால் விழித்துக்கொள்ளும்.

செல்கள் அடங்கிய ஈயை நீங்கள் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. நடக்கும், இறக்கையைத் துடைத்துக்கொள்ளும், பறக்கும். நாள் முழுக்கப் பட்டினி போட்டு சர்க்கரை மேல் நிற்கவைத்தால் மட்டும், காலடியில் சாப்பாடு இருக்க, சாப்பிடாமல் நிற்கும். விட்டுவிட்டால் அப்படியே செத்தும் போகும். 

அந்த லைனை உண்டாக்க அவள் வருடக்கணக்கில் உழைத்திருந்தாள். பாதுகாப்புக்காக இன்னொரு ஊர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பிரதி அனுப்புவதாக இருந்தது. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. அதற்குள் புயல் வந்துவிட்டது.

அது நவம்பர் மாதம். கடலில் உருவான புயல் வழக்கம்போல் சமவெளியோடு நின்றுவிடாமல் மலையேறிவிட்டது. யூகலிப்டஸ் மரங்கள் ரோட்டில் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் போயிற்று, போன் போயிற்று, மலையிறங்கும் பாதை அடைபட்டது. நான் ஏரிக்கு அந்தப் பக்கம் என் வீட்டில் மாட்டிக்கொண்டேன். கூடத்தின் தலைவர் ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போயிருந்தார். மெஹ்ரு, ஈக்களை விட்டுப் போகமாட்டேன் என்று கூடத்திலேயே தங்கிவிட்டாள். அவளோடு இருந்தவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வராஜ். பின்பக்கம் குடியிருப்பில் குடும்பத்தோடு இருந்தார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து வடகவுஞ்சிப் பக்கம் குடியேறியவர்கள். அவர் பிறந்ததே இங்கேதான். ஆனாலும் பேச்சில் அந்தத் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாள் காற்று அடங்கியதும் நடந்தே கிளம்பினேன். கடைத்தெருவில் காதர் பாய் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு வாளியால் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"மேடம், லேபுக்கா போறீங்க? புள்ளைக்குப் போனே போகமாட்டேங்குது. கடைக்குள்ள தண்ணி புகுந்து கெடக்கு, இல்லாட்டி நானே போயிருப்பேன்." உள்ளே போய் ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தார். "இடியாப்பமும் தேங்காப்பாலும் இருக்கு. சோலின்னு ஒக்காந்தா சோறு தண்ணி நெனப்பே இருக்காது அவளுக்கு. சாப்ட்டாளான்னு மட்டும் பாத்துக்குங்க மேடம்."

சாய்ந்த மரங்களுக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கிக் கூடத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது கைகால் விறைத்துவிட்டது. செல்வராஜ் ஜெனரேட்டர் கொட்டகை மேல் விழுந்து கிடந்த கிளையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"டீசல் காலையிலேயே முடிஞ்சிச்சும்மா. ரோட்டுல மரம் கெடக்கு, வாங்கிட்டு வர ஏலாது. பாப்பா உள்ளுக்குத்தான் இருக்கு. பூச்சிக்குக் குளிருதுன்னு கரி அடுப்பு கேட்டுச்சு, எங்க வீட்டுல இருந்ததக் குடுத்தேன்."

நான் சரி என்று தலையாட்டினேன். மழைக்காலத்தில் கொடைக்கானலில் கரி அடுப்பு இல்லாத வீடு ஏது.

மெஹ்ரு இருந்தது ஈக்களின் நடத்தையைப் பதிவு செய்யும் அறை. வெளிச்சம் புகக்கூடாது என்பதற்காக ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் கறுப்புத் தாள். கதவைத் தள்ளினேன், நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியதும் அடியில் திணித்திருந்த கம்பளி விலகிக் கதவு திறந்தது. உள்ளே நல்ல கதகதப்பு. அந்தக் குளிரில் நடந்து வந்தவளுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. புகை துளியும் இல்லை. நானும் உள்ளே போய் குளிர் புகாதபடி கதவைச் சாத்தினேன்.

மெஹ்ரு ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"வந்துட்டியா?" என்றாள். பிறகு, "வந்துட்டீங்களா மேடம்?"

அவள் என்னிடம் ஒருமையில் பேசியதே கிடையாது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தா இடியாப்பம் குடுத்து விட்டிருக்கார். முதல்ல சாப்பிடு."

"வேண்டாம் மேடம், பசிக்கல. வாயில வச்சா வாந்தி வந்துரும் போல இருக்கு. நீங்க ஈயைப் பாருங்க, ப்ளீஸ்."

முந்தைய நாள் தலைவர் சென்னையிலிருந்து பேசியிருக்கிறார். சிக்னல் விட்டு விட்டு வந்திருக்கிறது. "லைனைக் குளிர்ல விட்டுறாதீங்க, சூடா வைங்க" என்பது கேட்டிருக்கிறது. எவ்வளவு சூடு என்று அவர் சொல்லுமுன் போன் அறுந்துவிட்டது. புது லைன், பலவீனமான லைன், கடுங்குளிரைத் தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. எனவே அவள் ஈக்குப்பிகள் வைத்த எல்லா ட்ரேக்களையும் அலமாரியின் மேல் தட்டில் அடுக்கி, கீழே கரி அடுப்பை வைத்து, கதவிடுக்கைக் கம்பளியால் அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மேஜை மேல் வெப்பமானி வைத்து அது இருபத்திரண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதுவரை எல்லாம் சரி.

ஆனால் ஈக்கள் சாப்பிடவில்லை.

உணவில் நீலச் சாயம் கலந்து வைத்திருந்தாள். சாப்பிட்ட ஈயின் வயிறு நீலமாகத் தெரியும். நான் டார்ச் அடித்துக் குப்பி குப்பியாகப் பார்த்தேன். ஒரு வயிற்றில்கூட நீலம் இல்லை. எல்லாம் ஒட்டிப்போய், கண்ணாடி மாதிரி இருந்தன.

"பாத்தீங்களா மேடம்? ஒண்ணுகூட சாப்பிடல. குளிர் அடிச்சிருச்சு அதுங்கள. இன்னும் சூடு வேணும். செல்வராஜ் அண்ணன்கிட்ட இன்னொரு அடுப்பு கேக்கணும்." அவள் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

குளிரடித்த ஈ எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கும். இவை அப்படி இல்லை. குப்பிக்குள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன, உணவின் மேலேயே நடந்தன. குழலை நீட்டவில்லை, அவ்வளவுதான். என் தலைக்குள் ஏதோ உறுத்தியது. எக்கி, மேல் தட்டுக்கும் கூரைக்கும் நடுவில் கையை நீட்டினேன். கோடை வெயிலில் கையை நீட்டியது போலிருந்தது. சூடு மேலே போய்த் தங்கும் என்ற சின்ன விஷயத்தை, தூங்காமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் மறந்துவிட்டாள். மேஜையிலிருந்த வெப்பமானியை எடுத்து மேல் தட்டில் வைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பதைத் தாண்டி ஏறியது.

"மெஹ்ரு, இது குளிர் இல்ல. மேல முப்பதுக்கு மேல இருக்கு. உன் செல் எல்லாம் அடங்கிருச்சு, அதான் சாப்பிடல. ட்ரேயைக் கீழ இறக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப இன்னொரு அடுப்பு..." என்றாள்.

"இல்லம்மா. சூடுதான் பிரச்சினை. நீ பண்ணின லைன்தானே இது? சூட்டுல என்ன ஆகும்?"

"சூட்டுல..." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். ரொம்ப நேரம் யோசித்தாள். "சரி மேடம். இன்னொரு அடுப்பு."

நாம் பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்கிற பெண் அவள். அந்த லைனின் ஒவ்வொரு தலைமுறையையும் தன் கையால் சேர்த்தவள்.  இது தூக்கமில்லாததால் வருவதல்ல.

அவள் ட்ரேயை எடுக்க எழுந்தாள். முழங்கால் மடங்கியது, அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். அதே நேரம் என் நெற்றிப்பொட்டிலும் யாரோ இறுக்கிக் கட்டியது போல வலி இருப்பதை உணர்ந்தேன். அப்போதுதான் அடுப்பை ஒழுங்காகப் பார்த்தேன். அலமாரிக்கு அடியில், செக்கச்செவேலென்று, புகையே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. புகை இல்லாததால்தான் அவள் பயப்படவில்லை. மூடிய அறையில் கரியிலிருந்து வரும் விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

பசிக்கல, குமட்டுது என்று நான் உள்ளே நுழைந்தபோதே அவள் சொல்லியிருந்தாள். அந்த அறையில் ஈக்களும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை. நாங்கள் இருவரும் ஈக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உண்மையைச் சொல்கிறேன், என் கை ட்ரே பக்கம் போனது. ஒரே ஒரு ட்ரே, வாசலுக்குப் போகிற வழியில், ஒரு கையால் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு கையும் இருந்தால்தான் இவளை இழுக்க முடியும் என்பதும் அதே நொடியில் தெரிந்தது. கதவைக் காலால் உதைத்துத் திறந்துவிட்டு அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். அவள் அலமாரிக் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"லைன் மேடம்! லைன் போயிரும்!"

"செல்வராஜ்! செல்வராஜ், ஓடி வாங்க!"

அவர் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அப்படியே தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். ஈரக்காற்று பட்டதும் அவள் வாந்தி எடுத்தாள். பிறகு தலை தொங்கிவிட்டது. மூச்சு இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

செல்வராஜ் அடுப்பை எடுக்க உள்ளே போகப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உள்ள போகாதீங்க! ஜன்னல வெளியிலருந்து ஒடைங்க."

கடப்பாரையால் ஒரே அடி. கறுப்புத் தாள் கிழிந்து உள்ளே தொங்கியது, சாரலும் காற்றும் அதன் வழியே உள்ளே போயின.

"பூச்சிங்கள என்னம்மா செய்யிறது?"

 "கெடக்கட்டும்" என்றேன். "எல்லாம் திறந்தே கெடக்கட்டும். பாப்பாவைத் தூக்குங்க."

என் சால்வையால் அவளைச் செல்வராஜின் முதுகோடு சேர்த்துக் கட்டினேன். பைன் மரங்களுக்கு நடுவில் குறுக்குப் பாதை வழியாக ரோட்டுக்கு இறங்கினோம். மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. அவர் முன்னால், நான் பின்னால் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு. "பேச்சுக் குடுங்கம்மா, தூங்க விடாதீங்க" என்று அவர் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஏதேதோ கேட்டேன். உன் லைனுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறாய் என்று கேட்டபோது மட்டும் அவள் உதடு அசைந்தது.

ரோட்டில் மன்னவனூரிலிருந்து கேரட் ஏற்றி வந்த பிக்கப் ஒன்று மாட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் மரம், பின்னாலும் மரம். ஓட்டுநர் வண்டிக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"எங்க போறதுங்க? அந்த வளைவுல பெரிய மரம் கெடக்கு. வண்டி அதத் தாண்டாது."

"மரம் வரைக்கும் போனாப் போதும். புள்ளை கரிப்புகையில மாட்டிக்கிச்சு" என்றேன்.

அவர் போர்வையை உதறிவிட்டு இறங்கினார். பின்பக்கம் ஏறி மூட்டைகளை ரோட்டில் தள்ளினார். "ஏறுங்க, வெரசா ஏறுங்க!" வளைவில் ஆட்கள் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இறங்கி ஓடி, அந்தப் பக்கம் கிளம்பிய ஜீப்பைக் கைதட்டி நிறுத்தினார். மரத்துக்கு மேலே அவளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தினோம்.

ஜீப் திரும்பி மேடேறியபோது என் போனுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே தலைவர் அழைத்தார்.

"எங்க இருக்கீங்க? காலையிலருந்து ட்ரை பண்றேன். லைன் எப்படி இருக்கு?"

"சார், மெஹ்ரு மயக்கத்துல இருக்கா. மூடின ரூம்ல கரி அடுப்பு வச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். லைனை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

  அவர் சொன்னார், "உள்ள நுழைஞ்சதும் கரின்னு முதல்ல சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம். விரல்ல மாட்டுற கருவி இந்த வாயுவையும் ஆக்சிஜன்னே நெனச்சு நல்லாத்தான் காட்டும், அதை நம்பிட வேண்டாம்னு சொல்லுங்க. நான் அங்க போன் பண்ணிப் பாக்கறேன்."  

ஆஸ்பத்திரியில் புயலில் அடிபட்டவர்கள் தரையிலெல்லாம் கிடந்தார்கள். எங்களைப் பார்த்த மருத்துவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும், கண் சிவந்து போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பில் எங்கள் பேச்சைக் கேட்டபடி உடன் வந்த ஒருவர் முந்திக்கொண்டார். "நேத்துலருந்து சாப்பிடலையாம் டாக்டர்." நர்ஸ் அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினார். நன்றாகத்தான் காட்டியது.

"பட்டினி மயக்கம்தான்" என்றார் மருத்துவர். "குளுக்கோஸ் போடுங்க." சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார்.

என்னுடைய ஆரம்ப வருடங்களில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். "ஈக்குப் பசியில்லை" என்று நான் சொன்னால் உடனே நிறுத்துவார். "சாப்பிடலைங்கறது நீ பாத்தது. பசியில்லைங்கறது நீயா சேத்தது" என்பார். சாப்பிடாததற்கு வேறு எத்தனை காரணம் உண்டு என்று கேட்டு உட்காரவைத்துவிடுவார். தாகமா, களைப்பா, குளிரா, நோயா, வாய் ஒட்டிக்கொண்டதா. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும். அந்த நாட்களில் நான் அவரை வெறுத்திருக்கிறேன்.

மருத்துவரின் கையைப் பிடித்தேன். அப்படி யாரையும் பிடித்து நிறுத்தும் சுபாவம் எனக்கு இல்லை.

"டாக்டர், சாப்பிடாததால மயக்கம் வரல. மயக்கம் வர ஆரம்பிச்சதாலதான் சாப்பிடல. மூடின ரூம்ல கரி அடுப்பு. தலைவலி, குமட்டல், சொன்னது புரியல, அப்புறம்தான் விழுந்தா. நானும் கொஞ்ச நேரம் உள்ள இருந்தேன், எனக்கும் தலை பிளக்குது."

அவர் திரும்பினார். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், ஒரு நொடி கருவியைப் பார்த்தார். "கரியா?" என்றார். அவ்வளவுதான். "சிஸ்டர், ஆக்சிஜன்! ஃபுல்லா வைங்க! அந்த மாஸ்க் வேண்டாம், பை வச்ச மாஸ்க்!" என்று கத்திக்கொண்டே அவரே சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒன்று மாட்டினார்கள். அத்தனை கூட்டத்தில், அத்தனை அசதியில், சொன்ன முடிவை ஒரு சொல்லில் மாற்றிக்கொண்டாரே, அதைத்தான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நம்மில் பலரால் முடியாது.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காதர் பாய் முழங்கால்வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கண் திறந்து "அத்தா" என்று சரியாக, அவரைப் பார்த்து, சொன்னபோது வெளியே வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்வராஜ் வெளியே படிக்கட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "அடுப்பக் குடுத்தவன் நான்தானேம்மா" என்றார். "வீட்டுல கதவத் தொறந்து வச்சிருப்போம். பாப்பா இப்பிடி அடைச்சு வைக்கும்னு எனக்கு வெளங்கல." பாய் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை கூடத்துக்குப் போனேன். உடைந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, அந்தப் பக்கத்துக் குப்பிகளில் ஈரம் புகுந்து ஈக்கள் உணவில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. ட்ரே ட்ரேயாகப் போயிருந்தது. அறை ஐஸ் பெட்டி போல இருந்தது. சுவரோரத்து ட்ரேக்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈக்கள் மெதுவாக, கிழவர்கள் போல நகர்ந்தன. அவற்றின் வயிறு நீலமாக இருந்தது. ஜன்னல் உடைந்து அறை ஆறி வந்த நேரத்தில், சூடு இறங்கி, முழுக்க விறைத்துப்போவதற்கு முன், அடங்கிக் கிடந்த செல்கள் விழித்திருக்கின்றன, ஈக்கள் சாப்பிட்டிருக்கின்றன. லைன் பிழைத்துவிட்டது. அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முந்தைய நாள் வராத அழுகைதான் வந்தது.

இதோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

தலைவர் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மெஹ்ரு தேறி வேலைக்கு வந்ததும் ஒரு நாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். வெளிநாட்டில் ஒரு கூட்டத்தார் இதே செல்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தகவல் வந்திருந்தது.

"நமக்கு வேண்டியது தானாவே கிடைச்சிருக்கு" என்றார். "சூட்டுல சாப்பாட்டை நிறுத்துச்சு, குளிர்ந்ததும் சாப்பிட்டுச்சு. இதைச் சேத்துக் கட்டுரையை இப்பவே அனுப்பிரலாம்."

எனக்கும் ஆசைதான். மெஹ்ரு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"எவ்வளவு நேரம் எவ்வளவு சூடு இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. பக்கத்துல சாதாரண ஈ ஒரு ட்ரேகூட நான் வைக்கல. அதுவும் சாப்பிடாம இருந்திருக்கலாம் இல்லையா? கரி வாயு அதுங்கள என்ன செஞ்சுச்சுன்னும் தெரியாது. நான் அன்னிக்கு இருந்த நெலமையில என் கண்ணையே நம்ப முடியாது சார்."

"நானும் பாத்தேனே மெஹ்ரு" என்றேன்.

"நீங்க பாத்தீங்க மேடம். சூட்டுல சாப்பிடாததையும் ஆறினதும் சாப்பிட்டதையும் பாத்தீங்க. செல்லாலதான்னு எப்படிச் சொல்வீங்க?"

தலைவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். கோபமா வருத்தமா தெரியவில்லை. கடைசியில், "திரும்பச் செய்" என்றார்.

திரும்பச் செய்தோம். சாதாரண ஈக்களைப் பக்கத்தில் வைத்து, சூட்டை அளந்து, கரி இல்லாமல். அவள் நினைத்தது சரியாகவே இருந்தது. ஆனால் நாங்கள் அனுப்புவதற்குள் அந்த வெளிநாட்டுக் கூட்டத்தாரின் கட்டுரை வந்துவிட்டது. எங்களுடையது பிறகு வந்த இரண்டாவதாகத்தான் நின்றது.  அந்த முடிவைச் சொன்னதற்காக வருந்துகிறாயா என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இப்போது அவள் வேறொரு ஊரில் தனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறாள். அவளிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் அவளைப் பற்றிப் பயத்தோடும் பிரியத்தோடும் பேசுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. குப்பியைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பாருங்கள். தெரிந்த ஒருவர் தெரியாதவர் போல நடந்துகொண்டால், அந்த நிமிடமே வேலையை நிறுத்துங்கள். முடிவு எடுத்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம். அந்த மருத்துவர் மாற்றிக்கொண்டார்.

இன்னொன்று. நடத்தை அறைக் கதவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அறுக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே மெஹ்ரு செல்வராஜிடம் ரம்பம் கேட்டு வாங்கி, தானே அறுத்தாள். குளிர்காற்று காலில் அடிக்கிறது, வெளிச்சம் புகுகிறது என்று உங்களில் சிலர் புகார் சொல்லியிருப்பதாகவும், யாரோ அங்கே பழைய சாக்கைத் திணித்து வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். வெளிச்சத்துக்குத் திரை போட்டுக்கொள்ளுங்கள். சாக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.